கோபுரத்தில் தெரிந்த கணவாய்

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிப்பவனைத் திருவிழாக் கமிட்டிப் பக்கம் அண்ட விடக் கூடாது. முதலாம் ஆண்டுக்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுக்கே தெரியும். கடைசி ஆண்டுக்காரனுக்கு வேலை கிடைக்குமா என்ற கவலை. இடையில் இருப்பவன்தான் எதையாவது கண்டுபிடித்துத் தொலைப்பான்.

நான் கண்டுபிடித்தேன். 2008 வாக்கில், நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து லீவில் வந்த அத்தான் எனக்கு ஒரு பச்சை லேசர் பேனா கொண்டுவந்தார். அதன் வயிற்றுக்குள் அரிசிமணியைவிடச் சின்னதாக ஒரு குறைகடத்தி லேசர் இருக்கிறது, அது உமிழும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் படிகங்கள் பச்சையாக மாற்றி அனுப்புகின்றன என்று நூலகத்தில் படித்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை.

கண்டுபிடிப்பு இதுதான். பால்பவுடர் டின் ஒன்றின் இரண்டு பக்கமும் வெட்டி, ஒரு வாயில் பலூனை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினேன். மறு வாயில் கோட்டாறு பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்பீக்கர். சத்தம் வந்தால் பலூன் அதிரும், கண்ணாடி ஆடும், அதில் பட்டுத் தெறிக்கும் லேசர் சுவரில் கோலம் போடும். கீபோர்டில் குறிப்பிட்ட இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் சிறகு விரித்த புறா வந்தது. (அம்மா அதை டேபிள் ஃபேன் என்றாள். விஞ்ஞானிகளை வீட்டார் புரிந்துகொள்வதில்லை.)

காப்புரிமை வாங்குவது எப்படி என்று எங்கள் கல்லூரிப் பேராசிரியையிடம் கேட்டேன். நீ பிறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டார்கள், வருஷத்துக்கு ஒருவன் இதே டின்னோடு வந்து நிற்கிறான் என்றார். பொறாமை என்று முடிவு செய்தேன்.

அப்பா கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் குரலுக்கு எங்கள் ஊர் மாதா கோயில் கமிட்டியில் எதிர்க்குரல் கிடையாது. அந்த வருஷம் வாணவேடிக்கையே வேண்டாம், கோபுரத்தின் மேல் லேசரில் புறா காட்டலாம், பக்கத்து ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள் என்று பேசி முடித்துவிட்டார். வெடிக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஊர்த் திருவிழாவின் மானம் இப்போது ஒரு பலூனில் ஒட்டிக்கொண்டிருந்தது.

திருவிழா அன்று மாலை கோயிலுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூட மாடியில் என் ஆய்வுக்கூடம். மைக் செட்டிலிருந்து ஒரு வயர் மாடிக்கு வந்தது. பங்குத்தந்தை ஐந்து நிமிடம் பேசுவார், பிறகு கீபோர்டு ஒலிக்கும், புறா பறக்கும். ஏழு மணிக்கு விளக்குகளை அணைத்தார்கள். மேடையில் மட்டும் ஒரு சின்ன விளக்கு. அவர் பேசும்போதே குறி பார்த்து வைத்துவிடலாமே என்று பேனாவின் பொத்தானை அமுக்கி, மேலே ரப்பர் பேண்டைச் சுற்றிக் கட்டினேன். அவர் குரலும் அதே வயரில்தான் வரும் என்பது இன்ஜினியருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் சோதித்துப் பார்த்த சுவர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கோபுரம் எங்கே இருக்கிறது! போதாததற்குக் கடல்காற்று வேறு பலூனை ஒருபுறமாக இழுத்தது. "அன்பானவர்களே" என்று அவர் தொடங்கியதும், கோபுரத்தில் நீளமாக ஓர் உடம்பு உருவானது. அதன் அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கைகள் இறங்கி நெளிந்தன.

முன்வரிசைப் பிள்ளைகள், வலையில் வரும் கணவாய் மீனைக் கண்டதுபோல், கணவாய், கணவாய் என்று கத்தினார்கள். ஊரே சிரித்தது.

எங்கள் பங்குத்தந்தை தங்கமான மனிதர். ஆனால் அவர் பிரசங்கத்தில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபுரம் அவருக்கு முதுகுப்பக்கம் இருந்ததால், சிரிப்பு தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்துவிட்டார். உற்சாகம் வந்து குரலை உயர்த்தினார். கணவாய் பெருத்தது. அவர் மூச்சு வாங்கினால் அது சுருங்கியது, ஒரு வார்த்தையை அழுத்திச் சொன்னால் அத்தனை கையையும் விரித்தது. "மன்னிப்பு" என்ற சொல்லுக்கு அது மணிக்கூண்டைக் கட்டிப் பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஐந்து நிமிடப் பேச்சு நீண்டுகொண்டே போனது.

பின்வரிசையில் யாரோ அப்பாவின் குரலிலேயே கணவாயை ஏலம் விடத் தொடங்கினார்கள். அணைத்துவிடலாம் என்று ரப்பர் பேண்டைப் பிடித்து இழுத்தேன். அது அறவில்லை. டின்தான் தலை கவிழ்ந்தது. கோபுரத்திலிருந்து வழுக்கி இறங்கிய கணவாய், பங்குத்தந்தையின் வெள்ளை அங்கியில், சரியாக வயிற்றில் வந்து அமர்ந்தது.

அவர் குனிந்து பார்த்தார். பேச்சு நின்றது. கணவாய் ஒரு பச்சைப் புள்ளியாகச் சுருங்கியது. மைக்கில் மெல்ல, "ஆ" என்றார். அது கைகளை விரித்தது. வாயை மூடினார், சுருங்கியது. சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது, இன்னொரு முறை "ஆ" என்றார்.

பிறகு மாடியை நோக்கி, "செல்வின், இது என்னது மக்கா?" என்றார். ஒவ்வொரு எழுத்துக்கும் அது அவர் வயிற்றில் குதித்தது.

நான் மாடிச் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்மணி ஒருவர்தான் எனக்காகப் பதில் சொன்னார்: "சாமி, அது கணவாயாக்கும்."

மைக் செட்காரர் கருணையுள்ளவர். மெயின் சுவிட்சை அணைத்து, என் ஸ்பீக்கரோடு மொத்தத் திருவிழாவையும் நிறுத்தினார். நானும் ஒருவழியாகப் பேனாவைச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

வீட்டில் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா கை கழுவி, சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னார். "புறான்னு சொன்னியே மக்கா. கடலுக்குப் போறவன்கிட்ட கணவாயைக் காட்டிட்டுப் புறான்னு சொன்னா நம்புவானா?" அடித்திருந்தால் தேவலை. அதன் பிறகு இரண்டு வருஷம் கமிட்டியில் அவர் வாயே திறக்கவில்லை. வாணவேடிக்கை இரு மடங்காகத் திரும்பி வந்தது.

பேராசிரியையோ, ஆள்மேல் லேசர் பட்டது என்று கேட்டதுமே நடுங்கிவிட்டார். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் அந்த மனிதருக்குக் கண் போயிருக்கும் என்று திட்டி, பேனாவை வாங்கிப் பூட்டி வைத்தார். அதை மட்டும் பொறாமை என்று நான் முடிவு செய்யவில்லை. இன்றும் இல்லை.

பிறகு ஆப்டிகல் ஃபைபர் கேபிள் பதிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். (அங்கே லேசர் கண்ணாடி இழைக்குள் அடங்கி ஒடுங்கிப் போகிறது. எனக்கும் அதுதான் நல்லது.) பெண் பார்க்கப் போனபோது என் படிப்பு, சம்பளம் எல்லாவற்றையும் அம்மா வரிசையாகச் சொன்னாள். பெண்ணின் மாமா எல்லாம் கேட்டு முடித்து, "சாமியாரு வயித்துல கணவாய் விட்ட பயலாக்கும், இல்லியா?" என்றார். உள்ளறையில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அவள்தான் என் மனைவி. அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன் என்று இன்றும் சொல்கிறாள்.

எங்கள் வீட்டில் யாராவது அளவுக்கு மீறிப் பேசினால், போதும் நிறுத்து என்று சொல்வதில்லை. "கணவாய் வருது" என்பார்கள். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது வாக்கியத்துக்குப் போயிருப்பேன். முன்வரிசையில் அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.