ஏ.ரி.எம்முக்குள் முப்பத்துநான்கு பழ ஈக்கள்

உரும்பிராயில் ஒரு சனிக்கிழமை முற்பகல், ஏ.ரி.எம் கூண்டின் கதவை உள்ளேயிருந்து இருபத்திரண்டு நிமிடங்கள் முதுகால் அழுத்திப் பிடித்திருந்தேன். கொள்ளையடிக்க அல்ல. அதற்கென்று போயிருந்தால் வீட்டில் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

நான் தினமும் மூன்று வேளை வெப்பநிலையை நாள்குறிப்பில் எழுதி வைப்பவன். (கலியாணத்தன்றும் எழுதினேன். மனைவி கலா இன்னும் மன்னிக்கவில்லை.) ஆகவே கம்பஸ் ஆய்வுகூடம் பூட்டியிருந்த விடுமுறையில், என் அண்ணையின் மகள், எங்களோடு தங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்த தாரணி, தன் பழ ஈக்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, எனக்குச் சொந்தக்காரர் வந்ததுபோல் இருந்தது.

இரண்டு கண்ணாடிக் குழாய்கள். வாயில் பஞ்சு.

“முதலாம் குழாய் சாதாரண ஈ, சித்தப்பா. அதுகளின்ரை மூளையிலை சூட்டை உணருற நரம்பணு கொஞ்சம் இருக்கு. சூடு கூடினால் விலகிப் போகும். இருபத்தைஞ்சு பாகைக்குக் கிட்ட வந்தால்தான் ஆறுதலாய் நிக்கும்.”

“மற்றது?”

“இரண்டாம் குழாய்க்கு அந்த அணுக்கள் வேலை செய்யாது. கொதிக்கிற இடத்துக்கும் தன்ரை பாட்டிலை போகும், அங்கையே நிண்டு செத்தும் போகும். என்ரை கடைசி வருச ஆய்வே இந்த முப்பத்திநாலு ஈயிலைதான் தொங்குது.”

அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்க மின்தடை. தாரணி காலையில் கோண்டாவிலுக்குச் சினேகிதி வீட்டில் படிக்கப் போகும்போது சொன்னாள்: “ஈரத்துணி சுத்திக் கிணத்தடி நிழலிலை வையுங்கோ. காணும். வேறை ஒண்டும் செய்யாதேங்கோ.”

வைத்தேன். அளந்தேன். இருபத்தெட்டு பாகை! மூன்று பாகை கூட! அவள் ‘காணும்’ என்றது, அதுவே போதும் என்றது, என் காதில் ஏறவில்லை. ஊரில் கரண்ட் இல்லாத நாளிலும் ஏசி ஓடும் ஒரே இடம் சந்தி ஏ.ரி.எம்தான், அதற்கு ஜெனரேற்றர் இருக்கிறது. குழாய்களைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துச் சைக்கிளில் புறப்பட்டேன்.

கூண்டுக்குள் யாரும் இல்லை. வெப்பமானி சரியாக இருபத்தைந்து காட்டியது. ஒரு மனிதன் அதோடு திருப்திப்பட வேண்டும். எனக்கோ, குழாயின் உள்ளே எத்தனை பாகை என்று தெரியாவிட்டால் அது என்ன பதிவு என்று தோன்றியது. வெப்பமானியை உள்ளே விட, இரண்டாம் குழாயின் பஞ்சை எடுத்தேன்.

நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் குழாய் வெறுமையாக இருந்தது. மணி பத்து பன்னிரண்டு. (அதையும் குறித்தேன்!)

முதலாம் குழாய் ஈக்கள் என்றால் அந்தக் குளிரை விட்டு வெளியே போகாது. இவற்றுக்கோ கதவு திறந்தால் ஏசியும் ஒன்று, சித்திரை வெயிலும் ஒன்று. முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு தாரணிக்குப் போன் எடுத்தேன். “அசையாமல் நில்லுங்கோ, வாறன்” என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

தேத்தண்ணி குடிக்கப் போயிருந்த காவலாளி ஓடிவந்தார். “ஐயா, கதவைத் திறவுங்கோ!”

“ஏலாது! திறந்தால் எல்லாம் செத்துப் போயிடும்!”

காவலாளி மூன்றடி பின்னால் போனார். சனம் கூடியது. அதற்குள்ளிருந்து, கலாவுக்குப் படிப்பித்த பரிமளம் ரீச்சர் குடையோடு முன்னுக்கு வந்தார்.

“நீர் கலாவின்ரை மனுசன் எல்லோ? உமக்கென்ன விசரே?”

“ரீச்சர், இதுகளுக்கு மூளை வேலை செய்யாது!”

“எங்களைத்தான் சொல்லுறார்,” என்றார் பின்னால் ஒருவர்.

பத்து முப்பத்துநான்குக்குத் தாரணி வந்து, கதவை ஒரு சாண் திறந்து நுழைந்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். பையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு நுனியை வாயில் வைத்து, மறு நுனியைச் சுவரில் இருந்த ஈக்கு நேரே நீட்டி ஒரே மூச்சில் உறிஞ்சினாள். (நடுவில் வலைத்துண்டு உண்டு, ஈ வாய்க்குப் போகாது. இதை வெளியே நின்றவர்கள் எப்படி அறிவார்கள்?)

“ஐயோ, பிள்ளை ஈயை உறிஞ்சுறாள்!”

கண்ணாடியில் பத்துப் பதினைந்து மூக்குகள் அப்பியிருந்தன. திரையில், கூரையில், என் சட்டைக் கொலரில் என்று முப்பத்துமூன்று பிடித்தாள். ஒன்றைக் காணோம். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“ரீச்சர், அசையாதேங்கோ.”

ரீச்சர் குடையை மடக்கி வைத்திருந்தார். சுள்ளென்ற வெயிலில், தொட்டால் சுடுகிற அவரது கொண்டையின்மேல், அது கால்களைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தாரணி எட்டி, ரீச்சரின் தலையிலிருந்து அதையும் உறிஞ்சினாள். முப்பது வருடம் வகுப்புகளை அதட்டிய பெண், மடக்கிய குடையை மெல்ல விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

“வெளியாலை எத்தினை பாகை, சித்தப்பா?” என்றாள் தாரணி. அன்று என்னோடு பேசிய கடைசி வார்த்தை அது.

“முப்பத்துநாலு,” என்றேன். கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஆய்வு தப்பியது. நான்தான் தப்பவில்லை. சென்ற கிழமைகூட, கலாவும் தாரணியும் மாமர நிழலுக்குப் போய்விட்ட பின்னும் நான் கொதிக்கும் கூடத்தில், வியர்வை தாளில் சொட்டச் சொட்ட, வெப்பநிலையை எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ என்னைத் தேடி வந்த சத்தம் கேட்டது.

“உள்ளைதான் இருக்கிறார்,” என்றாள் கலா. “எங்கடை இரண்டாம் குழாய்.”