ஒரு நாள் தள்ளி மூழ்கிய கப்பல்

அரசர்களும் தளபதிகளும் வரலாற்றுக்குச் செய்த தொண்டையெல்லாம் தராசின் ஒரு தட்டில் வைத்து, ஒரு நாளிதழ் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் தண்ணீர்க் கேனுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே கிடந்த ஒரு மேஜையை மறுதட்டில் வைத்தால், மேஜைதான் கனக்கும். 'வரலாற்றில் இன்று' என்ற பகுதி தினந்தோறும் அந்த மேஜையில்தான் தயாரானது.

தயாரித்தவரை எல்லோரும் 'தேதியார்' என்றே கூப்பிட்டார்கள். நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தாறு காகித உறைகள் வைத்திருந்தார். யார் பிறந்தார், யார் போய்ச் சேர்ந்தார், எந்தக் கோட்டை விழுந்தது என்று மூன்று புத்தகங்களில் சரிபார்த்த பிறகே ஒரு சீட்டு உறைக்குள் போகும். இருபது ஆண்டுகளில் ஒரு தேதியும் பிசகவில்லை. அதனால் அவரை யாரும் கவனித்ததும் இல்லை.

முதலாளிக்கு அறுபத்தொன்று முடிந்த பதினேழாம் தேதியன்று அந்தக் குறை தீர்ந்தது. தம் பத்திரிகையைப் படிக்கும் கெட்ட பழக்கம் முதலாளிக்குக் கிடையாது. அன்று மட்டும், தம் புகைப்படம் எவ்வளவு பெரிதாக வந்திருக்கிறது என்று பார்க்கப் பக்கம் புரட்டினார். படத்துக்கு நேர் கீழே இருந்தது 'வரலாற்றில் இன்று'. முந்நூறு பேருடன் ஒரு கப்பல் மூழ்கியிருந்தது. ஒரு ஊரே கொள்ளைநோயில் காலியாகியிருந்தது. பதினோரு உறவினர்களுக்குச் சூப்பில் விஷம் வைத்த ஒருவர் பிறந்திருந்தார்.

தேதியாருக்கு அழைப்பு வந்தது. மேலாளரும் அறையில் இருந்தார்.

"இந்த விஷக்காரன் எதுக்குய்யா என் தேதியில பொறந்தான்?" என்றார் முதலாளி.

"அவன் உங்களுக்கு நூறு வருஷம் முந்தி பொறந்தவன் சார்."

"முந்தி வந்தா? நாம எடம் வாங்கினா, முந்தியே குடியிருக்கறவங்களைக் காலி பண்ண வைக்கறதில்லையா?"

வரலாற்றின்மீது இவ்வளவு தெளிவான சட்டக் கருத்தை இதுவரை எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. மேலாளர் உடனே குறித்துக்கொண்டார்.

மறுவாரமே 'தேதித் தூய்மைக் குழு' அமைக்கப்பட்டது. மேலாளர் தலைவர். தேதியார் உறுப்பினர். வேறு யாரும் இல்லாததால் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. பதினேழாம் தேதிக்குரிய இருபத்தாறு நிகழ்ச்சிகளும் பதினெட்டாம் தேதிக்கு 'மறுகுடியமர்வு' செய்யப்பட வேண்டும்.

"பதினெட்டாம் தேதி யாரு சார் இருக்காங்க?" என்று கேட்டார் தேதியார்.

"யாரும் இல்லை. அதான் அங்க."

"செத்தவங்க இருக்காங்களே. அந்தக் கப்பல்ல முந்நூறு பேரு..."

"அவங்களுக்கு நல்லதுதானே செய்யறோம்! ஆளுக்கு ஒரு நாள் ஆயுசு கூடுது. எந்த டாக்டர்யா இதைச் செய்வான்?"

வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், மனைவியின் முதுகுவலி எல்லாம் சேர்ந்து தேதியாரின் தலையை ஆட்டிவைத்தன. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த உறையில் போட்டார். கப்பல் சீட்டைப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. மூழ்குபவர்களின் முகத்தைப் பார்த்தபடியே கதவைச் சாத்துவதுபோல் இருந்தது.

வருடம் ஓடியது. பதினேழு நெருங்கியபோது மேலாளர் மேஜைக்கே வந்துவிட்டார்.

"குழந்தைகள் பக்கத்துல பிறந்தநாள் போட்டோ போடறோமில்ல, அதையும் பதினெட்டுக்குத் தள்ளிடுங்க. பதினேழுல ஒரே பிறப்புதான்."

"சார், என் பொண்ணு பதினேழுதான். இந்த வருஷம் பத்து முடியுது. போட்டோ போடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"போடுங்களேன், யாரு வேணாம்னா? பதினெட்டுல போடுங்க. பத்து வயசுக் குழந்தைக்கு ஒரு நாள் பெருசா?"

குழந்தைக்குப் பெரிதாகத்தான் இருந்தது. பதினேழாம் தேதி பத்திரிகை இப்படி வந்தது: 'வரலாற்றில் இன்று: உலகம் முழுவதும் அமைதி நிலவியது. எம் நிறுவனர் பிறந்தார். வேறு யாரும் பிறக்கவில்லை.' மகள் மிட்டாய்ப் பொட்டலத்தோடு பள்ளிக்குப் போய், பொட்டலம் பிரிபடாமலே மதியம் திரும்பி வந்தாள். முதலாளியின் பிறந்தநாள் விழாவுக்குக் கிளம்பச் சட்டையை மாற்ற வந்த தேதியார் வாசலிலேயே மாட்டிக்கொண்டார்.

"என்னடா கண்ணு, மிட்டாய் குடுக்கலையா?"

"டீச்சர் பேப்பரைக் காட்டினாங்க. இன்னிக்கு யாரும் பொறக்கலையாம், நாளைக்குக் கொண்டு வான்னுட்டாங்க." அவள் அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "அப்பா, நான் எப்பப்பா பொறந்தேன்? நெசமா சொல்லுங்க."

மூன்று புத்தகங்களில் பார்க்கத் தேவையில்லாத ஒரே தேதி அது. மருத்துவமனை நடைபாதையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தவர் அவர்: பிற்பகல் மூன்று இருபது. ஆனாலும் "வந்து சொல்றேம்மா" என்று கிளம்பிவிட்டார்.

விழா அலுவலகக் கூடத்திலேயே நடந்தது. 'உலகம் அமைதி காத்த நாள்' என்ற பதாகையின் கீழ் முதலாளி அமர்ந்திருந்தார். வாழ்த்துரைகள் நான்கு மணிக்கு முடிந்தன. முதல் வரிசையில் இருந்த முதலாளியின் அக்காவிடம் மேலாளர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"தம்பி நல்லா இருக்கணும்," என்று அக்கா தொடங்கினார். "ஆனா ஏன் வருஷா வருஷம் ஒரு நாள் முந்தியே கொண்டாடறான்னுதான் தெரியலை. அவன் பொறந்தது பதினெட்டு."

"அக்கா, மைக்கைக் குடுங்க," என்றார் முதலாளி.

"இருடா. பதினேழு எனக்குக் கணக்குப் பரீட்சை. அம்மாதான் தலை வாரி அனுப்பினாங்க, உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு. மறுநாள்தான் நீ வந்த. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது அப்பா ஒரு நாள் மாத்திச் சொல்லிட்டாரு. அவருக்கு எதுதான் ஞாபகம் இருந்துச்சு?"

பத்து நிமிடத்தில் தூய்மைக் குழு அவசரமாகக் கூடியது. கப்பல், கொள்ளைநோய், விஷக்காரர் உள்பட இருபத்தாறு சங்கடங்களும் இப்போது முதலாளியின் சொந்தப் பிறந்தநாளில், விடிந்தால் அச்சாகித் தெருவுக்கு வரக் காத்திருந்தன.

"ரெண்டு நாளையும் சுத்தம் பண்ணிடுவோம்," என்றார் மேலாளர். "எல்லாத்தையும் பத்தொன்பதுக்குத் தள்ளுங்க. அக்கா சொன்னது வெளிய போகக்கூடாது."

"சார், ஒரு கப்பல் எத்தனை நாள்தான் சார் மூழ்கும்?"

"நாம சொல்ற வரைக்கும்."

தேதியார் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பதினெட்டாம் தேதிப் பக்கம் எதிரே இருந்தது. அதில் மூலையில் சிரித்துக்கொண்டிருந்த மகளின் படத்தை எடுத்தார். இருபத்தாறு நிகழ்ச்சிகளில் ஒன்றையும் தொடவில்லை. விஷக்காரருக்கு அடுத்த வரியில் மட்டும் புதிதாக ஒன்று சேர்த்தார்: 'எம் நிறுவனர் பிறந்தார். ஆதாரம்: உடனிருந்த தமக்கை.' இருபது ஆண்டுப் பழக்கம். ஆதாரம் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, பதினேழாம் தேதி உறைக்கான பழைய பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "நீ பொறந்தது இன்னிக்குத்தான். மத்தியானம் மூணு இருபது. அப்பா பேப்பர்ல எழுதினது பொய்."

"அப்ப யாரும் பொறக்கலைன்னு போட்டது?"

"அதுவும் பொய். நெறைய பேரு பொறந்திருக்காங்க. ஒரு கப்பல்கூட மூழ்கியிருக்கு." பட்டியலைப் பிரித்து முழுவதும் படித்துக் காட்டினார். கப்பல் வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷக்காரன் வந்தபோது கண்கள் விரிந்தன.

"அவனும் என் தேதியாப்பா?"

"ஆமாம்மா. என்ன பண்றது?"

"பரவால்லை, இருந்துட்டுப் போகட்டும்," என்று மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் காவலாளி தேதியாரிடம் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே இருந்த கடிதத்தில் பத்தொன்பதாம் தேதி போட்டிருந்தது. நிறுவனரின் பிறந்தநாளில் யாரையும் வேலையை விட்டு நீக்கும் வழக்கம் நிர்வாகத்துக்கு இல்லை. ஆகவே பதினெட்டாம் தேதி முழுவதும் தேதியார் பணியில்தான் இருந்தார். உள்ளே மட்டும் விடவில்லை.

கடிதம் இவ்வாறு முடிந்தது: 'இருபத்தாறு நிகழ்ச்சிகளைத் தேதி மாற்றித் தாங்கள் எழுதியது குறித்து நிர்வாகத்துக்குப் புகார் ஏதும் இல்லை. வாசகர்களிடமிருந்தும் ஒரு கடிதம்கூட வரவில்லை. இருபத்தேழாவதை மட்டும் சரிபார்த்ததில் அது உண்மை எனத் தெரியவந்துள்ளதால், தங்களைப் பணியிலிருந்து நீக்குகிறோம்.'