வில்லன் வக்கீல்

சினிமாவில் வரும் கொலைகாரன், கொள்ளைக்காரன், சூழ்ச்சிக்காரன் அத்தனை பேருக்கும் சேர்த்து இந்த உலகத்தில் ஒரே ஒரு வக்கீல்தான் இருந்தார். மாரண்டஹள்ளியில் இருந்தார். கோர்ட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர் இல்லை; சந்தையில் புளித் தரகு செய்தார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் 'வில்லன் வக்கீல்'.

யுத்த காலம். அங்கே கூடாரம் போட்டிருந்த சினிமாக் கொட்டாயில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரே புரொஜெக்டர். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் முறுக்குக் கடிப்பார்கள். வக்கீல் மணலிலிருந்து எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, வில்லனுக்காக வாதாடுவார்.

ஒரு படத்தில் மந்திரி ராஜாவுக்கு விஷம் வைக்கப் போகிறான். விளக்கு வந்தது. வக்கீல் எழுந்தார்.

"மந்திரி ராவும் பகலும் ஒழைக்கறானுங்க. ராஜா ஒரு நாளாச்சும் 'சாப்டியாப்பா'ன்னு கேட்டானா? நீங்களே சொல்லுங்க."

"சும்னிரப்பா" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி, சும்மா இருக்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினாள். அடுத்த ரீலில் மந்திரி வந்து நின்றதும் அதே கிழவி, "பாவம், எளச்சுப் போயிட்டான்" என்றாள். கடைசியில் மந்திரியைத் தூக்கில் போட்டபோது கொட்டாயே மூக்கைச் சிந்தியது.

கொட்டாய் முதலாளிக்கு வந்ததே கோபம். "படம் பாக்க வந்தவங்கள எழவு வூட்டுக்கு வந்தவங்களாட்டம் ஆக்கிட்டீங்களே. இனிமே உள்ள கால் வெக்காதீங்க."

சோறில்லாமல் இருப்பார் வக்கீல். சினிமா இல்லாமல் இருக்க மாட்டார். அடுத்த படம் வந்ததும் கூடாரத் துணிக்கு வெளியே குந்திக்கொண்டு வசனத்தை மட்டும் கேட்டார். அதில் வில்லன் ஒரு தளபதி. இளவரசனைக் கொல்லத் துரத்துகிறான்.

"தளபதி மொகம் எப்பிடிங்க இருக்குது?" என்று ரீலுக்கு ரீல் என்னைக் கேட்பார். டிக்கெட் கிழிப்பவன் முகத்தை எங்கே பார்த்தான்? நானாக எதையாவது சொல்லிவைப்பேன்.

முதல் நாளே வந்தது வில்லங்கம். கடைசி ரீல் இருந்த பெட்டியோடு, பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் ஓடிய பஸ் பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் நின்றுவிட்டது. கொட்டாயில் கூச்சல். கதைச் சுருக்கம் போட்ட பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் 'மீதியை வெண்திரையில் காண்க' என்கிறது. முதலாளி வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார்.

"வக்கீலய்யா, மீதிக் கதைய நீங்கதான் சொல்லணும். தளபதி மலையில இருந்து வுழுந்து செத்துப் போறானாம். அப்பிடியே சொல்லிடுங்க. நாளையில இருந்து நீங்க உள்ள வரலாம்."

வக்கீல் தலையாட்டினார். உள்ளே போய்த் திரைக்கு முன்னால் நின்றார். மலை உச்சியில் வாள் சண்டை. தளபதியின் கால் வழுக்கியது. ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறான். அங்கே வக்கீல் நிறுத்தினார். முதலாளி ஓரமாக நின்று, கீழே போடுங்கள் என்று கையால் ஜாடை காட்டினார்.

வக்கீல் அவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"எளவரசன் குனிஞ்சு கைய நீட்டுனானுங்க. 'உன்னியக் கொல்ல வந்தவன ஏன்டா தூக்கற?'ன்னான் தளபதி. 'வாள் புடிக்க எனக்குக் கத்துக் குடுத்ததே நீதான?'ன்னான் எளவரசன்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் துரத்துவதற்கு முன் தானே வெளியே நடந்துவிட்டார்.

மறுநாள் ரீல் வந்தது. தளபதி முறைப்படி விழுந்து செத்தான். முதல் நாள் பார்த்தவர்களில் பாதிப்பேர் மறுபடி வந்திருந்தார்கள். எழுந்து நின்றுகொண்டு போக மாட்டோம் என்றார்கள். "நேத்து பொழச்சவன இன்னிக்கு எதுக்குக் கொன்னீங்க?" கிழவி ஒரு கை மணலை அள்ளித் திரையில் வீசினாள்.

விடிந்ததும் முதலாளி சந்தையில் புளி மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"வக்கீலய்யா, கொட்டாய்க்கு வாங்க."

"தளபதி?"

"கடைசி ரீல பொட்டியிலயே வெச்சுப் பூட்டிட்டன். நீங்களே சொல்லிக்குங்க."

வக்கீல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ ஊரில், எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். கெட்டவன் விழும்போது சுற்றிலும் கை தட்டுகிறார்கள். எனக்கு மட்டும் கை எழுவதில்லை. வக்கீல் இல்லாமல் ஒருத்தன் சாகிறானே என்று வருத்தமாக இருக்கிறது.