அங்கன்வாடிக்கு மூன்று தண்ணீர் ஊற்றிய விவரம்

திருச்சுழி,
மாசி 18, திங்கட்கிழமை.

என் செல்லத் தங்கை தங்கலட்சுமிக்கு ஈஸ்வரி அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறோம். காரியாபட்டியில் நீயும் சுந்தரபாண்டித் தம்பியும் என் தங்கக்கட்டி அருஞ்சுனையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

நீ மதுரையில் ஏப்ரல் முதல் தேதி வேலைக்குச் சேர வேண்டும், மூன்று வயதுப் பிள்ளையை என்னிடம் விட வேண்டும். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு என்ன இருக்கிறது? ஆனால் போனில் நீ, "அக்கா, ஒன் அங்கன்வாடில நம்பி விடலாமா? ஒட்டுவாரொட்டி எதுவும் வந்துட்டா?" என்று கேட்டாயே, அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. பதினாறு வருடம் டீச்சராக இருக்கிறேன். பதில் சொல்வதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் மையம் எவ்வளவு பாதுகாப்பானது என்பதைப் படித்துவிட்டு நீயே சொல்.

தை மாதம் பூராவும் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சல். நான் ஒரு பெரிய அட்டையில் எட்டு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். உடம்பு சரியில்லாத பிள்ளையை அனுப்பக்கூடாது, வாசலிலேயே கைகால் கழுவ வேண்டும், இப்படி. ஏழாவது விதி, இவையெல்லாம் டீச்சருக்கும் உதவியாளருக்கும் சேர்த்துத்தான் என்பது. எங்கள் உதவியாளர் ஆவுடைத்தாயக்கா எட்டையும் வாய்விட்டு வாசித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீக டீச்சர், கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கை கழுவாமல் பருப்பு களையப் போய்விட்டாள். சந்தனம்மாள் என்று ஒருத்தி, மில்லுக்குப் போகிறவள். மகளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து இறக்கி, பவுடர் போட்டு, சிரித்த முகமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு மில் பஸ்ஸில் ஏறிவிடுவாள். பத்தரை மணிக்கு மாத்திரை இறங்கும், காய்ச்சல் ஏறும். மறுநாள் இன்னும் நாலு பிள்ளைக்கு ஏறும். கேட்டால், "காலைல ஜில்லுனுதான் இருந்தா டீச்சர், ஒங்ககிட்ட வந்ததும்தான் சூடாயிருக்கா" என்பாள். அப்போது எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம்.

இதற்கு நடுவில் ஈ. சத்துமாவு உருண்டை பிடித்தால் பிள்ளைக்கு ஒன்று, ஈக்குப் பத்து. வேப்பிலைப் புகை போட்டால் போகும் என்று நர்ஸம்மா சொன்னார்கள். நான் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு கொத்து ஒடித்து, காயட்டும் என்று மையத்து நிலைக்கு மேலே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தங்கம், நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் பதினெட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூட வரவில்லை. சந்தனம்மாள் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, "டீச்சர், ஆத்தா எந்தப் பிள்ளைக்கு எறங்கியிருக்கா?" என்றாள். யாருக்கும் அம்மை இல்லை, இது ஈக்குக் கட்டியது என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி சரி, அதெல்லாம் வாய்விட்டுச் சொல்லக்கூடாதுதான்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல ஊருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. அன்று மத்தியானம் வீடு வீடாகப் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றி உடம்பைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை உடம்பிலும் ஒரு முத்துக்கூட இல்லை. டீச்சருக்கும் இல்லை, ஆவுடைத்தாய்க்கும் இல்லை. அப்படியானால் கட்டடத்துக்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

கட்டடத்துக்கு என்றால் பிள்ளைகள் வரலாம் அல்லவா? கோயில் மாதிரிதானே. புதன்கிழமை எல்லோரும் வந்தார்கள், ஆனால் எப்படி வந்தார்கள் தெரியுமா? குளித்து, தோய்த்த துணி உடுத்தி, செருப்பை வரிசையாக வெளியே விட்டு. ஆசிபாவின் அம்மா ஷம்சாத் பேகம், "எங்க வீட்லயும் வேப்பிலை கட்டுனா இப்படித்தான் இருப்போம் டீச்சர்" என்று தன் பங்குக்கு ஒரு சோப்பும் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். வாசலில் மஞ்சள் தண்ணீர் அண்டா. கைகால் கழுவாமல் ஒரு ஆள் படியேறவில்லை. காய்ச்சல் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. ஆத்தா இருக்கிற இடத்துக்குச் சுகமில்லாத பிள்ளையைக் கொண்டுவரலாமா? என் அட்டை மூன்று வாரம் தொங்கியும் நடக்காதது இரண்டு கொத்து இலையில் நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமா, அவமானமா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே கஷ்டம் சாப்பாடு. அம்மை இறங்கிய வீட்டில் தாளிக்கக்கூடாதே. ஆவுடைத்தாயக்கா கடுகை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். நாலு நாள் தாளிக்காத சாம்பார். ஒரு பொடியன் முதல் வாய் வைத்துவிட்டு, "ஆத்தா எப்பப் போகும்?" என்று கேட்டான்.

வேப்பிலையை அவிழ்க்கவும் விடவில்லை. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றாமல் எப்படி அவிழ்ப்பது என்றார்கள். கட்டடத்துக்குத் தலை எது என்று ஒரு கூட்டம் போட்டு, ஓட்டு முகடுதான் என்று முடிவாகி, வியாழன் முதல் தண்ணீர், சனி இரண்டாவது, திங்கள் மூன்றாவது என ஏணி வைத்து ஏறி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். முகட்டு ஓடு ஒன்று விரிசல் என்பது எனக்கும் பல்லிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். மூன்றாவது தண்ணீர் நேராக இறங்கி, சுவரில் இருந்த என் எட்டு விதிகளையும் கரைத்துக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். செருப்பு வரிசையைப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கை கழுவும் தாய்மாரைப் பார்த்தார். "ஈஸ்வரி, இத எப்படிம்மா கொண்டுவந்தீங்க? மத்த மையத்துக்கும் சொல்லணும்" என்றார். நான் மஞ்சள் சொட்டும் கூரையைப் பார்த்தபடி, "மக்கள் ஒத்துழைப்பு மேடம்" என்றேன்.

மனது கேட்கவில்லை. அந்த வாரமே தாய்மார் கூட்டத்தில் எழுந்து நின்று, நான் ஈக்காகத்தான் கட்டினேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். யாரும் கோபப்படவில்லை. சந்தனம்மாள்தான், "ஈய வெரட்டக் கட்டுனதா நீங்க நெனைக்கிறீக. ஒங்க கைய வச்சுக் கட்டுனது யாருன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இலையை அவிழ்த்தாகிவிட்டது. அண்டாவும் சோப்பும் அங்கேயே இருக்கின்றன. போன வாரம் அவளே போன் பண்ணி, "பிள்ளைக்கு மேலு காயுது டீச்சர், இன்னைக்கு நான் மில்லுக்குப் போகல" என்றாள். இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் போகாவிட்டால் மில்லில் அவளை நிறுத்திவிடுவார்கள். விதி எழுதுவது எனக்குச் சுலபம் தங்கம். காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை எனக்கு வந்ததில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அந்த மில் மேஸ்திரியிடம் நானே போனில் பேசினேன்.

ஆகவே பயப்படாதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே அருஞ்சுனையைக் கூட்டிக்கொண்டு வா. தொட்டில் சேலை தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். மூன்று வயதுக்குத் தொட்டில் எதற்கு என்று அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும். உனக்கும் தம்பிக்கும் எங்கள் அன்பு. பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம், சுகமாக வளரட்டும்.

உன் அக்கா,
ஈஸ்வரி

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): ஞாயிற்றுக்கிழமை வராதே. காலையில் மையத்துக்குப் போனேன். ஆவுடைத்தாயக்கா வாசலை மறித்து, நெற்றியில் நீட்டிப் பார்க்கும் காய்ச்சல் மெஷினை என்மேல் நீட்டினாள். நூற்று ஒன்று. வெயிலில் நடந்து வந்தேன் என்றேன். "ஏழாவது ரூலு டீச்சர். சொவத்துல இல்லேன்னா என்ன, எனக்கு மனப்பாடம்" என்று படியேற விடவில்லை. மத்தியானம் கழுத்தில் மூன்று முத்து. சின்ன வயதில் உனக்கு அம்மை போட்டபோது என்னைப் பந்தல்குடி மாமா வீட்டுக்கு அனுப்பினார்களே, தப்பித்துவிட்டேன் என்று இத்தனை வருடம் பெருமை பேசினேன். இப்போது என் வீட்டு வாசலில் நிஜமான வேப்பிலை. ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை, பதினைந்து நாளைக்கு முன்பே ஆத்தா சொல்லிவிட்டாளாம். பிள்ளைகள் மேல் எதுவும் இல்லை. நர்ஸம்மா தினமும் பார்க்கிறார்கள். நீ வேலைக்குச் சேர இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது, எண்ணிவிட்டேன். அருஞ்சுனைக்கு அம்மை ஊசி போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேள். மூன்று வாரம் கழித்து, ஆவுடைத்தாயக்கா என்னை உள்ளே விட்ட பிறகு கூட்டி வா. பதினாறு வருட டீச்சரையே வாசலோடு திருப்பி அனுப்பிய இடம். அங்கே உன் பிள்ளையை நம்பி விடலாம். இந்தத் தாள் உன் வீட்டுக்கு வர வேண்டாம் என்று ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இருந்தாலும் படித்துவிட்டுக் கையைக் கழுவிவிடு.