கேதத்துக்கு வராத மச்சானுக்கு

அனுமந்தன்பட்டி,
வெள்ளிக்கிழமை.

வடுகபட்டிப் பூண்டு வியாபாரத்தில் பேர் எடுத்தவரும், என் மனைவி மலையம்மாளின் உடன்பிறந்த அண்ணனுமான மச்சான் முத்துவீரன் அவர்களுக்கு ஈஸ்வரபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், தங்கள் தங்கை, மகன் ஆதித்தன் மூவரும் நலம். ஆதித்தன் நலம் என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனிக்கவும். அங்கு தாங்களும் அக்காவும், உங்கள் மகளும் என் மருமகளுமான வேல்விழியும் நலமா? போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

நேராகவே கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை என் மகனுடைய கேதத்துக்கு மாலையும் ஒப்பாரியுமாக ஊரே திரண்டு வந்தது. தாய்மாமன் நீங்கள் ஏன் வரவில்லை?

நடந்ததைச் சொல்கிறேன். ஆதித்தன் கொச்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே கிட்டார் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். ஹெவி மெட்டல் என்று ஒரு வகையாம். ஐந்து வருடம் உழைத்து, அங்குள்ள ஸ்டுடியோவில் எட்டுப் பாட்டு பதிவு செய்து, 'சாம்பல்' என்று பெயர் வைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை ஆல்பமாக வெளியிட்டுவிட்டு லீவில் வந்திருக்கிறான். நம் பக்கத்தில் காதுகுத்துக்குப் போஸ்டர் உண்டு, கடையை எதிர்வரிசைக்கு மாற்றினால்கூடப் போஸ்டர் உண்டு. பெற்ற மகனுக்கு நான் ஒன்று ஒட்டக் கூடாதா? ஆல்பத்தின் அட்டைப் படத்தை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். முழுக்கக் கறுப்பு, நடுவில் கண்ணை மூடிய ஆதித்தன் முகம், மேலே வெள்ளை எழுத்தில் 'சாம்பல்', கீழே வெளியான தேதி. பிரஸ்காரர், "சொந்தக்காரக பேரப் போட்டாத்தான்ணே நெறவா இருக்கும்" என்றார். பதினெட்டுப் பேர் சொன்னேன். முதல் பெயர் உங்களுடையது. திங்கட்கிழமை சாயங்காலம் கம்பத்திலிருந்து உங்கள் வடுகபட்டி வரை ஒட்டியாயிற்று.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பந்தல் கடை ஜேசுராஜ் வேனில் வந்து இறங்குகிறார். நாற்காலி, ஸ்பீக்கர், கூடவே ஐஸ் பெட்டி. யார் சொல்லி வந்தார்? அதை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே மாலையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். எட்டு வருடமாக வரப்புத் தகராறில் முகம் பார்க்காத அம்மாவாசி என் தோளைக் கட்டிக்கொண்டு, "எப்படிப் பொறுப்பீக, என்னமாப் பெத்த பிள்ள!" என்று அழுகிறார். இதில் என்ன உள்நோக்கம் என்று இன்னும் பிடிபடவில்லை. ஒப்பாரிப் பாட்டுக்காரி பஞ்சம்மாள் மாரில் அடித்து ஆரம்பித்ததும், உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து ஆதித்தன் படுத்திருந்த அறைக்குப் பதறி ஓடினாள். போஸ்டர் ஒட்டியவனே நான்தான். ஆனாலும் மச்சான், அந்த அரை நிமிடம் எனக்கும் அது மறந்துவிட்டது. பின்னாலேயே ஓடினேன். பயல் குப்புறப்படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பி வாசலுக்கு இழுத்து வந்தோம். நீளமுடியும் கறுப்புச் சட்டையுமாக அவனைப் பார்த்ததும் பாதிப் பேர் தெருமுனைக்கு ஓடிவிட்டார்கள். பஞ்சம்மாள் மட்டும் அசையவில்லை. "ஆரம்பிச்சுட்டேன்ல, முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பேன்" என்று அவனை எதிரில் உட்காரவைத்தே மீதியையும் பாடி முடித்தாள். அவன் அதைப் போனில் பதிவு செய்துகொண்டான்.

வந்ததற்குப் பாட்டையாவது கேட்டுப்போவோம் என்று ஜேசுராஜின் ஸ்பீக்கரில் போட்டார்கள். கிட்டார் ஆரம்பித்ததும் மிஷின் எரிந்துவிட்டது என்று ஜேசுராஜ் மூன்று முறை ஸ்விட்சை அணைத்தார். அதற்குப் பிறகுதான் பாடுகிறவன் குரல் வந்தது. அது மனுஷக் குரலே இல்லை. நாலாவது பாட்டில் "கதவைத் திற" என்று அவன் உறுமியதும் நான் எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு வந்தேன். பஞ்சம்மாள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, வயிறெரிஞ்சு அழுகுறவுக சத்தம் இது. நல்லாத்தேன் பாடிருக்காக" என்றாள். இவளுக்கு எவ்வளவு கொடுத்திருப்பான் என்று எனக்குச் சந்தேகம்.

பாடியது யார் என்று மூன்று நாளாகக் கேட்கிறேன், பயல் சிரித்து மழுப்புகிறான். எவனோ ஒரு ரௌடி என் மகனைக் கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான். வேல்விழி வேலை பார்ப்பதும் அதே கொச்சிதான். பொங்கலுக்கு வந்தபோது அது "மாமா, காப்பி" என்றதை நான் மூன்று முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். அவ்வளவு அடக்கமான பிள்ளை. அந்த ரௌடி அவள் கண்ணிலேயே படக் கூடாது. அவனை விரட்டும்வரை ஆவணியில் ஆதித்தனுக்கும் அவளுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றும் பேச்சு வேண்டாம். ஒருவேளை அதைத் தட்டிக்கழிக்கத்தான் நீங்களும் கேதத்துக்கு வராமல் இருந்தீர்களோ? வேறு மாப்பிள்ளை பார்த்தாயிற்றோ? எதுவானாலும் மறைக்காமல் எழுதவும்.

அக்காவுக்கு என் வணக்கம். குலசாமி புண்ணியத்தில் உங்கள் வீடும் பூண்டு மூட்டையும் ஈரம்படாமல் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஈஸ்வரபாண்டி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆதித்தன் இதை வாங்கிப் படித்துவிட்டான். "அப்பா, அது ரௌடி இல்ல, வேல்விழி. மாமாவுக்குத் தெரியும்" என்கிறான். போஸ்டரைப் பார்த்தும் நீங்கள் பதறாத காரணம் இப்போது விளங்குகிறது. ஊரே அழும்போது ஒரு போன் போட்டிருக்கலாம் மச்சான். உங்கள் தங்கை, "எங்க அண்ணன் மகளா! அதானே பாத்தேன், எங்க வீட்டுக் கொரலு" என்று மறுபடி மறுபடி அதையே போட்டுக் கேட்கிறாள். வேறு தாள் இல்லாததால் மேலே எழுதிய அத்தனையையும் நான் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். ஆவணி முதல் முகூர்த்தமே எங்களுக்குச் சம்மதம். நாலாவது பாட்டில் மருமகள் யாரைக் கதவைத் திறக்கச் சொல்கிறது என்று மட்டும் விசாரித்து எழுதவும். எதற்கும் இங்கே திறந்தே வைத்திருக்கிறேன்.