உட்காராதோர் மாநாடு

மனித குலம் இதுவரை செய்த பாவங்களில் மிகக் கொடியது உட்கார்ந்ததுதான். கொச்சியின் மட்டாஞ்சேரியில் நாங்கள் நடத்திய அகில இந்திய 'பங்கேற்பாளர் நல்வாழ்வு' மாநாடு இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தது. அதன் நல ஒருங்கிணைப்பாளர் என்ற பெரும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பொறுப்பு என்றால், முந்தின நாள் மாலையே நாற்காலிகளை அப்புறப்படுத்தும் பொறுப்பு.

இடம், யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழைய மிளகுக் கிட்டங்கி. மிளகு போய் மாநாடு வந்தாலும் காரம் போகவில்லை. வரவேற்புரையின்போது அவையே தும்மியது. அதையும் நிகழ்ச்சி நிரலில் 'சுவாசச் சுத்திகரிப்பு' என்று சேர்த்துவிட்டோம்.

நாற்காலி இல்லாவிட்டால் பிரதிநிதிகள் என்ன செய்வார்கள் என்று சிலர் கவலைப்படலாம். வேண்டாம். களைத்தவர்கள் 'சக்தி மீட்பு மூலை'க்குச் சென்று, ஆளை விழுங்கும் பஞ்சு மூட்டைகளில் சாய்ந்துகொள்ளலாம். சாய்வது உட்கார்வதில் சேராது. இது எங்கள் இயக்குநர் மஞ்சுஷா மேடத்தின் கண்டுபிடிப்பு.

இப்படிப்பட்ட புண்ணிய நேரத்தில்தான் மாடத்தி வந்து நின்றார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பிழைக்க எறணாகுளம் வந்து, இப்போது எங்கள் மாநாட்டில் சாயா கொடுக்கிறார். விடியற்காலையில் வந்தவர் இன்னும் உட்காரவில்லை. அதாவது, எங்கள் கொள்கையை எங்களுக்கு முன்பே கடைப்பிடிக்கத் தொடங்கியிருந்தார்.

"சார், காலு நரம்பெல்லாம் சுருண்டு கெடக்கு. நேரம் கெடைக்கும்போதெல்லாம் ஒக்காருன்னு டாக்டரு சொல்லிருக்காவ. அந்த மூட்டையில செத்த நேரம் ஒக்காந்துக்கிடட்டா?"

"அது பங்கேற்பாளர்களுக்கு, மாடத்தி."

"அப்ப வெளிய வராந்தாவுல?"

அவர் கணுக்காலைப் பார்த்தேன். நன்றாக வீங்கியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நடைமுறை, தெரிவித்தேன்.

"அது பற்றில்ல, முடியாது," என்றார் மஞ்சுஷா மேடம், மலையாளம் கலந்த தமிழில். "டெலிகேட்ஸ் எல்லாம் நிக்கும்போ ஸ்டாஃப் உட்கார்ந்து இருந்தா நாணக்கேடல்லே?"

"துணிக்கடையில நிக்கிற பொம்பளையளுக்கு ஒக்கார சட்டமே வந்துட்டுன்னு சொல்லுதாங்களே மேடம்," என்றார் மாடத்தி மெதுவாக.

"அது கடைக்கு. நம்ம என்ன துணியா விக்கிறோம்?"

சட்ட நுணுக்கம் என்றால் இதுதான். மாடத்தி தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். இந்த வேலை போனால் வேறு வேலை தேடும் தெம்பு அந்தக் காலுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மதியம் மாநாட்டின் சிகர நிகழ்ச்சி: 'விழிப்புடன் அமர்தல்'. பெங்களூரிலிருந்து அமர்தல் வல்லுநர் ஸ்ரீநாத் வந்திருந்தார். வல்லுநர் மேற்பார்வையில் உட்கார்ந்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லையாம். எனவே நாற்காலிகள் திரும்பி வந்தன. தூக்கி வந்தவர்களில் மாடத்தியும் ஒருவர்.

எல்லோரும் அமர்ந்தார்கள். ஒரு நாற்காலி மட்டும் காலி. அதற்குரிய பிரதிநிதி எதிரே இருந்த பழம்பொருள் கடைக்கு, ஒரு சாய்வு நாற்காலியைப் பேரம் பேசப் போயிருந்தார்.

ஸ்ரீநாத் கண்களை மூடிக்கொண்டார். "காலி நாற்காலி கூடாது. அதன் வழியே சக்தி கசியும். யாராவது அமருங்கள்."

யாரும் அசையவில்லை. தட்டோடு சுவரோரம் நின்ற மாடத்தி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தலை சாய்ந்தது. சற்று நேரத்தில் மெல்லிய குறட்டை எழுந்தது.

ஸ்ரீநாத் கண் திறந்தார். பார்த்தார். கண் கலங்கினார்.

"இத்தனை வருடமாகக் கற்றுக்கொடுக்கிறேன். இப்படி முழுதாகத் தன்னை ஒப்புக்கொடுத்து அமர்ந்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை. இவர் எந்தத் துறை?"

"விருந்தோம்பல் துறை," என்றேன். பொய் இல்லையே.

அவை எழுந்து நின்று கைதட்டியது. மாடத்தி எழவில்லை. அது அவருடைய நிலையின் ஆழத்துக்குச் சான்று என்று பிரதிநிதிகள் படம் பிடித்தார்கள். 'ஆண்டின் சிறந்த பங்கேற்பாளர்' என்று பொன்னாடை போர்த்தியபோதுதான் அவர் பதறி விழித்தார்.

ஸ்ரீநாத் ஒலிவாங்கியை நீட்டினார். "அம்மா, இந்த நிலையை எப்படி அடைந்தீர்கள்?"

"காலையிலேர்ந்து நின்னேன் சார்," என்றார் மாடத்தி.

எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த மாநாட்டில் 'காலையிலிருந்து நிற்றல்' என்ற சிறப்புப் பயிற்சியை ஸ்ரீநாத் நடத்துகிறார். இடங்கள் இப்போதே நிரம்பிவிட்டன. மாடத்தி வரமாட்டார். பொன்னாடையைத் திரும்ப வாங்கி மடித்து வைத்த கையோடு, வேலை நேரத்தில் உட்கார்ந்ததற்காக மேடம் அவரை வேலையை விட்டு அனுப்பச் சொன்னார், நான் அனுப்பினேன். அந்தக் காலோடு படியிறங்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

எங்கள் மேல் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்தால் கெடுதல் வரும் என்று வரவேற்புப் பதாகையிலேயே எழுதியிருந்தோம்.