பன்னிரண்டாம் பக்கத்துப் பாலம்

உலகத்தில் எத்தனையோ நாடுகள் இருக்கின்றன. அங்கெல்லாம் நிகழ்ச்சிகள் நடக்கின்றன, பிறகு யாராவது எழுதி வைக்கிறார்கள். நடப்பதற்கு முன்பே சரிபார்த்து, முத்திரை குத்தி, அட்டை போட்டு வைக்கும் துறை எங்கள் நாட்டில் மட்டுமே உண்டு. அந்த மகத்தான துறையில் நான் பதினொரு வருடமாக எழுத்தர். இதைச் சொல்லும்போது பெருமையில் என் சட்டைப் பொத்தான் தெறிக்கிறது என்று எழுத ஆசைதான். அது போன மாதமே தானாகத் தெறித்துவிட்டது.

'தேசிய முக்கிய நிகழ்வுகள் தொகுப்பகம்' என்று பெயர். வருடத்துக்கு ஒரு புத்தகம். மாதத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி. ஜனவரி முதல் தேதி காலை பத்து மணிக்குப் புத்தகம் வெளிவர வேண்டுமானால் அக்டோபர் இருபதுக்குள் அச்சகம் போயாக வேண்டும். ஆகவே நவம்பரையும் டிசம்பரையும் முன்கூட்டியே எழுதிவிடுவோம். பொறாமைக்காரர்கள் இதைக் கற்பனை என்பார்கள். நாங்கள் 'திட்டமிடல்' என்கிறோம்.

இரண்டே விதிகள்தான் எங்களுக்கு. வருத்தமான செய்தி வருடத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது. மூன்றாவதாக ஒரு புயல் வந்தால் அது வரவில்லை. அடுத்தது, பிழைத்திருத்தம் வெளியிடக் கூடாது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூட வெளியிட்டதில்லை. பிழையே செய்யாதவர்களும் திருத்தவே செய்யாதவர்களும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

போன வருடம் அக்டோபரில் டிசம்பர் பக்கம் பதினொரு வரியோடு நின்றுவிட்டது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"பதினாலாம் தேதி காலியா கெடக்குய்யா. நடுவுல வழுக்கை விழுந்த மாதிரி இருக்கு" என்று தம் தலையைத் தடவிக்கொண்டார். "நல்லதா ஒண்ணு போடு."

எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. அக்கா ஆசிரியை. வீடு ஆற்றின் இந்தக் கரை, பள்ளிக்கூடம் அந்தக் கரை. தினமும் படகில் போய் வருகிறாள். ஆற்றில் பாலத்துக்கென்று நட்ட இரண்டு தூண்கள் ஆறு வருடமாக நிற்கின்றன. அவற்றை நீர்க்காகங்கள் மட்டும் பயன்படுத்தி வருகின்றன. போன் பேசும்போதெல்லாம் அக்கா, "அந்தப் பாலம் மட்டும் வந்துடட்டும்டா, நான் நனையாம வேலைக்குப் போவேன்" என்பாள்.

எழுதினேன். 'டிசம்பர் 14: ஆற்றுப் பாலம் திறக்கப்பட்டது. மக்கள் மகிழ்ச்சி.'

மற்ற தம்பிகள் அக்காவுக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுப்பார்கள். நான் ஒரு பாலம் வாங்கிக் கொடுத்தேன். ஜனவரியில் புத்தகம் வந்ததும் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு அவளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.

நன்றி சொல்ல இரண்டே வாரத்தில் நேரில் வந்துவிட்டாள். கையில் ஒரு கோப்பு. செருப்பெல்லாம் புழுதி.

"எங்கடா பாலம்?"

"பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கேக்கா."

"அதுல ஏறி நான் பள்ளிக்கூடம் போக முடியுமா?"

நடந்தது இதுதான். ஆற்றுப் போக்குவரத்து அலுவலகத்தில் எங்கள் புத்தகத்தை ஆழ்ந்து படித்திருக்கிறார்கள். பாலம்தான் வந்துவிட்டதே, படகு எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். அக்கா இப்போது இரண்டு பேருந்து மாறி, அடுத்த ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு ஒன்பது மணிப் பள்ளிக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்கிறாள்.

"ரெண்டு மெமோ வந்தாச்சு. படி" என்று கோப்பை நீட்டினாள். 'பாலம் திறந்து ஒரு மாதம் ஆகியும் தாங்கள் பேருந்தில் சுற்றி வருவது ஏன்? விளக்கம் தேவை' என்று தலைமையாசிரியர் கேட்டிருந்தார். ஆதாரம்: பக்கம் 12.

"மூணாவது வந்தா வேலை போயிடும். வேலைகூடப் போகட்டும்டா. மூணாங்கிளாஸ்ல நாப்பது வாண்டுங்க. நான் போறவரைக்கும் ஒண்ணை ஒண்ணு மேய்ச்சுக்கிட்டு இருக்குதுங்க. எனக்குப் படகு வேணும். நீதானே நிறுத்தினே?"

"நான் பாலம்தான் திறந்தேன்" என்றேன். அவள் பார்த்த பார்வையில், திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இருவரும் ஆற்றுப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மிகவும் பண்பானவர். எங்களுக்கு நாற்காலி போட்டார். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தாலே ஆறு.

"சார், அப்படிக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றாள் அக்கா. "ரெண்டு தூணுதான் நிக்குது. மேல பாலம் எங்க இருக்கு?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு எழுந்து போய்த் திரையை இழுத்து விட்டார்.

"வெயில் கூசுதும்மா. அதுல எதுவும் சரியாத் தெரியாது. முத்திரை பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு! யாரு குத்தினதோ, கை கொஞ்சம்கூட நடுங்கலை."

நான் மின்விசிறியை ரசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் தொகுப்பகத்தில் அவசரக் கூட்டம். அக்கா வாசலில் இருந்த பெஞ்சில் கோப்போடு உட்கார்ந்துகொண்டாள். கதவு சாத்தவில்லை, சாத்தினால் திறக்காது, ஆகவே எங்கள் ரகசியக் கூட்டங்களை நாங்கள் திறந்த கதவோடுதான் நடத்துவோம்.

"பாலம் திறக்கலைன்னு ஒரு சின்னச் சீட்டு ஒட்டிடலாமா சார்?" என்றேன்.

இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

"முப்பத்திரண்டு வருஷப் பேருய்யா! திறந்த பாலத்தைத் திறக்கலைன்னு சொல்லவே முடியாது." பிறகு அவர் முகத்தில் ஓர் ஒளி. "ஆனா, திறந்த பாலம் விழலாம். அது இயற்கை."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கணினிப் பிரிவுக்காரர்தான் தயங்கினார். "விழுந்தா அது வருத்தச் செய்தி ஆச்சே சார். இந்த வருஷத்துக்கு ரெண்டும் ஒதுக்கியாச்சு. ஒண்ணு புயலுக்கு. இன்னொண்ணு மிருகக்காட்சி சாலை யானைக்கு."

"யானைக்கு என்னாச்சு?"

"நவம்பர்ல காலமாகுது சார்."

"அடடா. உடம்பு முடியலையா?"

"இப்போதைக்கு நல்லா சாப்பிடுது சார்."

அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. பெஞ்சில் இருந்தே குரல் கொடுத்தாள். "அந்த வாயில்லா ஜீவனை விட்டுடுங்க சார். பாலத்தைத் தள்ளி விடுங்க!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'யானையின் மறைவு காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது.'

புத்தகம் வர இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். 'அடுத்த பதிப்பின் உண்மை நகல்' என்று ஒரு காகிதம் எங்களிடம் உண்டு. 'பிப்ரவரி 3: பலத்த காற்றில் ஆற்றுப் பாலம் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை' என்று எழுதி, நானே முத்திரை குத்தி, நானே எடுத்துப் போனேன். கை இந்த முறையும் நடுங்கவில்லை. அதைப் படித்ததும் அந்தப் பண்பான அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்.

"சே, நல்ல பாலம் சார். நேத்துகூட அந்தப் பக்கம் பார்த்தேன்."

திங்கட்கிழமை படகு ஓடியது. மூன்றாவது மெமோ வரவில்லை. பதிலாகத் தலைமையாசிரியரிடம் இருந்து அக்காவுக்கு ஓர் அனுதாபக் கடிதம் வந்தது: 'பாலத்தை இழந்து வாடும் தங்களுக்கு...'

பாலம் விழுந்தால் விசாரணை வேண்டாமா? ஐவர் குழு அமைத்தார்கள். படகுக்காரர்தான் அவர்களைத் தூண் தூணாகக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆகஸ்டில் அறிக்கை வந்தது. 'சரிந்த பாலத்தில் சிமெண்டோ கம்பியோ இருந்ததற்கான தடயமே இல்லை.' எங்கள் கட்டடத்துக்குள் ஓர் உண்மை நுழைந்தது அதுதான் முதல் தடவை. எந்த அலமாரியில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கல்லைக்கூட மிச்சம் வைக்காமல் இடிபாடுகளை அகற்றியதற்காக ஒப்பந்தக்காரருக்குப் பாராட்டுப் பத்திரமும், அதே பாலத்தை மறுபடி கட்டும் வேலையும் கிடைத்தன.

மறுபடி அக்டோபர் வந்தது. டிசம்பர் பக்கம் மறுபடி பதினொரு வரியோடு நின்றது.

"அதே பதினாலு!" என்றார் இயக்குநர். "அந்தப் பாலத்தைத் திரும்பத் திறந்துடு. மக்கள் மகிழ்ச்சின்னு போட்டுடு. போன தடவைவிட அதிகமா மகிழட்டும்."

பேனாவை எடுத்தேன். நாற்பது வாண்டுகள் ஒன்றையொன்று மேய்ப்பது கண்ணில் தெரிந்தது.

"படகு நின்னுடும் சார்."

"நிக்கட்டுமே."

"அக்கா மறுபடி வந்து பெஞ்சுல உக்காருவா சார்."

இயக்குநர் வாசலைப் பார்த்தார். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேற என்னதான்யா இருக்கு?"

"'ஆற்றில் படகு ஓடியது'ன்னு போடலாமே சார்?"

"அது தினம் நடக்குதேய்யா! நடக்கிறதைப் போடறதுக்கா நமக்கு ரெண்டு மாடி, பதினேழு பேரு?"

அந்த நேரத்தில்தான் யானை என் உதவிக்கு வந்தது. எழுதி நீட்டினேன். 'டிசம்பர் 14: மிருகக்காட்சி சாலை யானை நலமாக உள்ளது. மக்கள் மகிழ்ச்சி.'

இயக்குநர் வாய்விட்டுப் படித்தார். "யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. பெரிய செய்தியாவும் இருக்கு. குத்து முத்திரையை!"

டிசம்பர் பதினாலாம் தேதி நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். அக்காவும் தன் நாற்பது பேரைப் படகில் ஏற்றி அழைத்து வந்திருந்தாள். யானை நின்றிருந்தது. தின்றது. தொட்டித் தண்ணீரை உறிஞ்சி, நாற்பது பேரை விட்டுவிட்டு என்மேல் மட்டும் பீய்ச்சியது. குழந்தைகள் மகிழ்ந்தார்கள். வரிக்கு வரி அப்படியே!

"பாத்தியாக்கா!" சட்டையைப் பிழிந்துகொண்டே கத்தினேன். "நாங்க முன்கூட்டி எழுதினது நெஜமாவே நடந்துடுச்சு! ரெண்டு மாசத்துக்கு இருபத்துநாலு வரி. பதினொரு வருஷ சர்வீஸ்ல ஒரு வரி பலிச்சது இதுதான் முதல் தடவை!"

அக்கா பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுவதை நிறுத்தினாள்.

"அப்போ மிச்சம் இருபத்துமூணு வரியாலயும் எங்கெங்க யார் யாருக்குடா படகு நின்னு போச்சு?"

எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். யானை எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டது.